கோப்தா கேஸும் கழுத்தில் கட்டிய நெறியும்

பிரிவு உபசார விழாவில் எனக்குச் சந்தன மாலை போட்டு, "இனிமேல் மேடத்தை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அடுத்த வாரமே தொலைபேசி வந்தது. திசுவைச் சீவும் மைக்ரோடோம் இயந்திரத்தில் கத்தியைப் பிடிக்கும் திருகை எந்தப் பக்கம் சுற்ற வேண்டுமாம். இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள், ஏதாவது ஒரு பக்கம் சுற்றும் என்று சொல்லி வைத்தேன்.

போன மாதம் கீர்த்தனா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். புது இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார்களாம். ஸ்லைடை அதன் வாயில் கொடுத்தால் படம் பிடித்து, படித்து, என்ன நோய் என்று அதுவே சொல்லிவிடுமாம். விற்க வந்தவர் டை கட்டிக்கொண்டு வந்தாராம். வேலூர் வெயிலில் ஒருவர் டை கட்டிக்கொண்டு பேசினால் அவரை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது.

இயந்திரத்தைச் சோதிக்க, பாடம் நடத்துவதற்காக வைத்திருந்த பழைய ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றைப் பார்த்ததும் அது சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டதாம்.

"அக்கா, கேன்சர் சந்தேகம் ஜாஸ்தின்னு காட்டுது. ஆனா ஸ்லைடு மேல பெரியவர் கையெழுத்துல கோப்தான்னு எழுதி இருக்கு. கோப்தான்னா இன்னா வியாதிக்கா?"

"அது வியாதி இல்லடி. கைமா உருண்டை. கொழம்புல போடுவாங்க."

"நீங்க வேற. நான் சீரியஸா கேக்கறேன், நீங்க சிரிக்கிறீங்க."

சிரிக்காமல் என்ன செய்வது? அத்தனை லட்சம் கொட்டி வாங்கிய இயந்திரம், அந்த ஸ்லைடைப் பற்றி அன்றைக்கு எல்லோரும் இலவசமாகச் சொன்னதையே சொல்லியிருக்கிறது. கதையை எழுதித் தாருங்கள், சின்னவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள் என்றாள் கீர்த்தனா. போனில் சொன்னால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஓய்வு பெற்றவளுக்கு அரை மணியில் ஒரு வேலையை முடிப்பது நஷ்டம் என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரியில் வேலை என்றால் எங்கள் பக்கத்தில் உடனே, "வேலூர் பெரிய ஆஸ்பத்திரியா?" என்று கேட்பார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் வரும். வேலைக்கே போகாதவள் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு இரக்கம் வராது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு வருஷம் படித்தேன். அதில் பாதி பாட்டில் கழுவுவதில் போயிற்று, மீதி பாதி அந்தப் பாட்டில்களை உடைத்தவள் நான் இல்லை என்று நிரூபிப்பதில் போயிற்று. கையில் சான்றிதழோடு ஆம்பூருக்கு வந்தபோது, தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், டிரம் ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா, "இன்னா வேலைம்மா அது?" என்று கேட்டார். உடம்பிலிருந்து வெட்டிய சதையை ஃபார்மலினில் போட்டுக் கெட்டியாக்கி, தண்ணீரை எடுத்து, மெழுகில் ஊறவைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றுவது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீயும் தோல் ஷாப்புலதான் இருக்க. நாங்க டிரம்மு, நீங்க பாட்டிலு" என்றார். என் வேலைக்கு அதைவிட நல்ல விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

எங்களுக்கு வரும் பாட்டில்களில் பாதிக்கு மேல் நெறிதான். காலில் ஆணி குத்தினால் தொடை இடுக்கில் திரண்டு வலிக்குமே, அந்த நெறி. படித்தவர்கள் நிணநீர் முடிச்சு என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நெறி என்றால் ஒழுக்கம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் போல ஒழுக்கமானவர்கள் உலகத்திலேயே கிடையாது. கழுத்தில் நெறி, அக்குளில் நெறி, தொடையில் நெறி. கழுத்தில் என்றால் டிபி என்று அறுவை டாக்டர்கள் வெட்டுவதற்கு முன்பே எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அதனால்தான் சரியாக இல்லாத நாளில் ஆபத்து.

அந்த நாட்களுக்காகவே எங்களுக்கு ஒருவர் இருந்தார். டாக்டர் பரசுராமன். ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் கூடத்தில் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் பெரியவர். காலையில் வணக்கம் சொன்னால் பதில் வராது. ஸ்லைடு தட்டைக் கையில் வாங்கியதும் மைக்ராஸ்கோப்பில் வைக்க மாட்டார். முதலில் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். வெறும் கண்ணால் பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"இது பொறுமையா வெட்டினதா, பஸ்ஸுக்கு வெட்டினதா?"

பஸ்ஸுக்கு வெட்டியது என்றால் சீவலில் ஒரு மடிப்பு இருக்கும். மயிரிழை மடிப்பு. அதைத் தூக்கிப் பிடித்தே கண்டுபிடிப்பார். கண்டுபிடித்தால் திட்ட மாட்டார். ஸ்லைடை என் மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நான் மறுபடி வெட்டி, சாயம் போட்டு முடிக்கிறவரை திரும்ப மாட்டார். அவர் ஒருநாள் எத்தனை டீ குடித்தார் என்பதை வைத்தே என் வேலையின் தரத்தைச் சொல்லிவிடலாம்.

அவருடைய இன்னொரு நோய், கேள்வித்தாள். நோயாளியின் வரலாறு தெரியாமல் ஸ்லைடைப் பார்க்க மாட்டார். அறுவை டாக்டர்களோ, "கழுத்துக் கட்டி. பார்க்கவும்" என்று ரத்தினச் சுருக்கமாக எழுதி அனுப்புவார்கள். அதனால் அவரே கேள்விகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். வார்டுக்குப் போய்க் கேட்டு வர வேண்டியவள் நான். கேள்விகள் சுத்தத் தமிழில் இருக்கும். "தங்கள் இல்லத்தில் பூனை வளர்க்கப்படுகிறதா? பச்சை இறைச்சி உண்ணும் பழக்கம் உண்டா? கொசுக்கடிக்கு உள்ளாகிறீர்களா?" இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பேர்ணாம்பட்டு ஆசாமி என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, நீ இன்னா வெளிநாடா?" என்று கேட்டார்.

அந்த ஆசாமி கதையையும் சொல்லிவிடுகிறேன். ஷூ கம்பெனியில் காவலாளி. தொடை இடுக்கில் நெறி. ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்ததும் பெரியவர் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து நின்றார். ஒரு ஸ்லைடைப் பாதியில் விட்டு அவர் எழுந்து நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. சொட்டுக்குள் ஒரு நூல் துண்டு நெளிந்து நெளிந்து நீந்திக்கொண்டிருந்தது. யானைக்கால் புழுவின் குஞ்சு. வழக்கமாக ரத்தத்தில்தான் தேடுவார்கள், அதுவும் ராத்திரியில். இது பகலில், நெறிக்குள்ளிருந்தே வந்து காட்சி கொடுத்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தோம். காவலாளியும் வரிசையில் வந்து நின்றார். பார்த்துவிட்டு, "இவ்ளோதானா? நான் நைட்டு டூட்டி பாக்கறேன், இவன் பகல்ல பாக்கறான்" என்றார். மாத்திரை சாப்பிட்டார், கால் வீங்காமல் தப்பித்தார். அவரிடம் கொசுக்கடியைப் பற்றி மறுபடி யாரும் கேட்கவில்லை.

இன்னொரு முறை, தாடைக்குக் கீழே நெறி என்று ஒரு பெண்ணுக்கு வெட்டினார்கள். அறுவை டாக்டர் கட்டியோடு ஒரு குட்டிப் பாட்டிலில் வெள்ளை நூல் ஒன்றையும் அனுப்பினார். பழைய தையல் நூல் உள்ளே இருந்தது, பதிவுக்காக அனுப்புகிறேன் என்று குறிப்பு. ஃபார்மலின் கைவசம் இல்லாததால் சலைனில் போட்டிருந்தார். பெரியவர் பாட்டிலைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பிறகு தொலைபேசியில் அறுவை டாக்டரை அழைத்தார்.

"டாக்டர், இந்த அம்மாவுக்கு இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஆகி இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப தையல் நூல் எங்கிருந்து வந்துது?"

"அதான் சார் ஆச்சரியமா இருக்கு."

"எனக்கும்தான் டாக்டர். உங்க நூல் நெளியுது."

நாய்க்கு வர வேண்டிய புழு. கொசு வழி தப்பி வந்து மனிதரின் தோலுக்கடியில் சுருண்டு படுத்துக்கொண்டு நெறி போல வேஷம் போட்டிருக்கிறது. அதன் பிறகு அந்த அறுவை டாக்டர் எங்கள் கூடத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் சட்டைப் பொத்தான் நூலைச் சரிபார்த்துக்கொள்வார்.

இதெல்லாம் சிரித்த கதைகள். கோப்தா கேஸ் வந்தபோது முதலில் யாரும் சிரிக்கவில்லை.

நஸ்ரீனுக்கு அப்போது முப்பது வயதை ஒட்டி இருக்கும். ஆம்பூரில் வீடு. கணவர் அன்வர் தோல் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். தோலை விரித்து, தடவி, உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு எல்லாம் பார்த்து, இது முதல் தரம், இது கழிவு என்று பிரிப்பது அவர் தொழில். கல்யாணமாகி ரொம்ப வருஷம் குழந்தை இல்லை. போகாத டாக்டர் இல்லை, வேண்டாத தர்கா இல்லை. கடைசியில் மாசம் நின்றது, குழந்தை உண்டானது. நின்ற கையோடு கழுத்தின் பின்பக்கம் ஒரு நெறி தென்பட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அமுக்கினால் ரப்பர் போல இருந்தது.

வெளியே எங்கோ ஒரு பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்திப் பார்த்திருக்கிறார்கள். வழவழப்பான தாளில், கலர் படங்களோடு, நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போன இடத்தில், சீக்கிரம் மருந்து ஏற்ற வேண்டும், மருந்து ஏற்றினால் குழந்தைக்கு ஆகாது, இப்போதே கலைத்துவிடுவது நல்லது என்று சொல்லிவிட்டார்கள். அறிக்கையை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும் முழு நெறியையும் வெட்டிப் பார்த்து உறுதி செய்யட்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கலைப்பதற்குத் திங்கட்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் முடிவு வந்ததும் போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்லைடை நான் தட்டில் வைத்தேன். பெரியவர் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மடிப்பு இல்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வழக்கமாக ஒரு ஸ்லைடைப் பார்க்க அவருக்கு ஒரு டீ ஆறும் நேரம் போதும். அன்றைக்கு டீ ஆறி, ஆடை கட்டி, அதில் ஒரு ஈயும் விழுந்தது. அவர் தலையை எடுக்கவில்லை.

"ஸ்டெல்லா, மெழுகு பிளாக்கில மிச்சம் எவ்ளோ இருக்கு?"

"கொஞ்சம்தான் இருக்கு சார். பாதி நெறிதான் நமக்கு வெச்சாங்க, மீதி டிபி டெஸ்டுக்குப் போயிடிச்சி."

"ஆழத்துல வெட்டு. படிப்படியா. ஒண்ணு விடாம எடு."

மெழுகுக் கட்டியை ஐஸ் மேல் வைத்துக் குளிரவிட்டேன். புதுக் கத்தி மாட்டினேன். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் வெங்காயத் தோலைவிட மெல்லிய சீவல் ஒன்று வரும். அடுத்த சுற்றில் அதன் வாலில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு வரும். நாடா போல நீளும். அதைத் தூரிகை முனையில் தாங்கி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, மடிப்பில்லாமல் விரிந்ததும் கண்ணாடியை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். மூச்சு விட்டால் நாடா பறக்கும், விடாவிட்டால் நாம் விழுந்துவிடுவோம். அன்று ஒவ்வொரு சீவலையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். எனக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துதான் மகன் பிறந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த மெழுகில் இருந்த நஸ்ரீனின் நெறி குறைந்துகொண்டே வந்தது. தீர்ந்துவிட்டால் வேறு இல்லை.

எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டுப் பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். அறுவை டாக்டரும் வந்து நின்றிருந்தார். அதே நூல் டாக்டர்தான்.

"கேன்சர் செல் மாதிரி இருக்கறது கேன்சர் செல் இல்ல," என்றார் பெரியவர். "வெளிறின செல்லுங்க சின்னச் சின்னக் கும்பலா, போவக்கூடாத எடத்துல எல்லாம் போயி உக்காந்திருக்கு. இது டாக்ஸோபிளாஸ்மா பண்ற வேலை."

டாக்ஸோபிளாஸ்மா ஓர் ஒட்டுண்ணி. பூனையிடமிருந்து மண்ணுக்கு வரும், மண்ணிலிருந்து ஆட்டுக்குப் போகும், ஆட்டிலிருந்து வேகாத கறி வழியாக மனிதருக்கு வரும். பெரும்பாலோருக்கு ஒரு நெறியோடு விட்டுவிடும். தானாகவே அடங்கும். ஸ்லைடில் ஆளை நேரில் பார்ப்பது அபூர்வம், அது வந்து போன அலங்கோலத்தைத்தான் பார்க்க முடியும்.

"ரத்தம் மெட்ராஸுக்கு அனுப்பி இருக்கேன்," என்றார் அறுவை டாக்டர். "முடிவு புதன்கெழமதான் வரும் சார். அவங்க திங்கக்கெழம போறாங்க. நீங்க சந்தேகம்னு எழுதினா, அந்தக் கலர் பேப்பரும் சந்தேகம்தான். ரெண்டு சந்தேகத்துல அவங்க எதுக்குப் பயப்படுவாங்க?"

"கேன்சருக்குத்தான்," என்றார் பெரியவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "கேள்வித்தாள் எங்க?"

எடுத்து நீட்டினேன். வியாழக்கிழமையே கேட்டு எழுதியிருந்தேன். பூனை: இல்லை. பச்சை இறைச்சி: இல்லை.

"கேட்டியா?"

"கேட்டேன் சார்."

"எப்டி கேட்ட?"

"நீங்க எழுதின மாதிரியேதான் சார் கேட்டேன்."

"மறுபடி போயி கேளு."

மனதுக்குள் நன்றாகத் திட்டிக்கொண்டேதான் மாடி ஏறினேன். வாழ்நாள் முழுக்க ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டு வேறு பதில் வரும் என்று நம்புவதற்குப் பெரிய படிப்பு வேண்டும் போலிருக்கிறது.

வார்டில் நஸ்ரீன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கழுத்தில் கட்டு. பக்கத்து ஸ்டூலில் அவள் மாமியார் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். அன்வர் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். நான் கேட்டதும் மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நேத்தே கேட்டீங்களே மேடம். பச்சக் கறி திங்கறதுக்கு நாங்க இன்னா நரியா? எங்க வூட்ல கறி பஞ்சு மாதிரி வேகலன்னா எங்க வூட்டுக்காரரு தட்ட நவுத்திடுவாரு."

"தப்பா நெனச்சிக்காதீங்க மாமி. டாக்டரு கேக்கச் சொன்னாரு."

"நல்லா கேட்டாரு. ஆம்பூருல வந்து எங்களுக்குக் கறி ஆக்கத் தெரியுமான்னு கேக்கறாரு. எங்க நஸ்ரீன் கோப்தா போட்டான்னா மண்டபத்துல பாதிப் பேரு பிரியாணிய வுட்டுட்டு அதத்தான் கேப்பாங்க. போன ரம்ஜான்ல நோன்பு தெறக்கறதுக்கு எத்தன வூட்டு ஆர்டரு தெரியுமா? அவ கை அப்டி. கைமாவப் பெசஞ்சி ஒரு துளி நாக்கு நுனில வெச்சா போதும், உப்பு கம்மியா, காரம் ஜாஸ்தியான்னு டக்குனு சொல்லிடுவா."

நான் கேள்வித்தாளை மடித்துக்கொண்டே திரும்பியவள் நின்றேன்.

"எந்தக் கைமா மாமி? வெந்ததா?"

"வெந்த அப்புறம் உப்பு பாத்து இன்னா பண்றது? உருண்டைக்குள்ள போயி உப்பு போட முடியுமா? பெசயும்போதே பாக்கணும்."

"அப்ப பச்சக் கறிதானே?"

"அது சாப்புடறது இல்ல மேடம். உப்பு பாக்கறது." மாமியார் சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "நோன்புலயும் பாக்கலாம். நாக்குல வெச்சிப் பாத்துட்டு துப்பிடணும். முழுங்கினாதான் நோன்பு போவும்."

நோன்பு போகாது. ஒட்டுண்ணிக்கு நாக்கு போதும். எனக்குக் காது இரண்டும் சூடானது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நஸ்ரீன் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இப்பவும் நீங்கதான் உப்பு பாக்கறீங்களாம்மா?" என்று அவளிடம் கேட்டேன்.

"இல்ல மேடம். மாசம் நின்னதுல இருந்து கறி வாசனையே ஆவல. கிச்சன் பக்கம் போனாலே வாந்தி. இவங்கதான் போடறாங்க."

"என் நாக்கு செத்துப்போச்சி," என்றார் மாமியார். "உப்பு ஏறிடுது. ஆர்டரும் கம்மியாயிடிச்சி. பேஜாரா இருக்கு."

அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. கொடுக்கவில்லை. படியில் இறங்கும்போது செருப்பு ஒன்று கழன்று கீழே விழுந்தது, அதை எடுக்காமலேயே ஓடினேன்.

பெரியவரிடம் சொன்னேன். ரம்ஜானில் தினம் தினம் பச்சைக் கைமாவில் உப்புப் பார்த்திருக்கிறாள். குழந்தை உண்டானது அதற்கு வெகு நாள் கழித்து. உண்டான பிறகு கைமாவைத் தொடவே இல்லை. அவர் தன் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். பச்சை இறைச்சி உண்ணும் பழக்கம் உண்டா என்பதைத் தானே ஒருமுறை சத்தம் போட்டுப் படித்தார்.

"இவ்ளோ வருஷமா இந்தக் கேள்விக்கு ஒருத்தர்கூட ஆமான்னு சொன்னதில்ல, இல்ல?"

"இல்ல சார்."

"நான்கூட இல்லன்னுதான் சொல்லி இருப்பேன். எங்க வூட்ல வடை மாவுலயே உப்பு பாப்பாங்க. பச்சை மாவு சாப்புடற பழக்கம் உண்டான்னு கேட்டா அடிக்க வருவாங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான். சிரித்து முடித்ததும் பேனாவை எடுத்தார். நெறியில் புற்றுநோய் இல்லை, ஒட்டுண்ணித் தொற்று, பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பே வந்தது, ரத்த முடிவு வரும்வரை எந்தக் காரணத்துக்காகவும் கர்ப்பத்தைக் கலைக்கக் கூடாது என்று எழுதி, 'கூடாது' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டுக் கையெழுத்திட்டார். சந்தேகம் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் யாரையும் அனுப்பவில்லை. தானே மாடி ஏறினார்.

அன்வர் அந்தத் தாளை வாங்கி, தொழில் பழக்கம் போல, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து விரலால் தடவிப் பார்த்தார்.

"சார், அந்தப் பேப்பருல கலர் போட்டோ எல்லாம் இருந்துது. இதுல இல்லயே."

"என்கிட்ட கலர் பிரிண்டர் இல்லப்பா," என்றார் பெரியவர். "திங்கக்கெழம போவாதீங்க. புதன்கெழம வரைக்கும் எனக்காக இருங்க. தப்பா இருந்தா என் சட்டையப் புடிங்க."

யாரிடமும் வணக்கத்துக்குக்கூடப் பதில் சொல்லாத மனிதர் அவர். எனக்காக என்று அவர் ஒருவரிடம் கேட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நஸ்ரீன் எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு ஆம்பூர் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே போனேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கப் பயந்து, இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனார்.

திங்கட்கிழமை போயிற்று. அவர்கள் போகவில்லை. பெரியவர் முடிவு வரும்வரை யாருடைய மடிப்பையும் கண்டுபிடிக்கவில்லை. நான் பஸ்ஸுக்கு வெட்டிய ஒன்றைக்கூட வாய் திறக்காமல் பார்த்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. புதன்கிழமை மத்தியானம் மெட்ராஸிலிருந்து முடிவு வந்தது. ஒட்டுண்ணிதான். புதிதாக வந்த தொற்று இல்லை, குழந்தை உண்டாவதற்கு முன்பே வந்தது, குழந்தைக்குப் பயம் மிகக் குறைவு என்று இருந்தது. பிரசவ டாக்டர் பாதுகாப்புக்காக மாத்திரை எழுதி, மாதாமாதம் ஸ்கேன் பார்த்துக்கொண்டார். பெரியவர் முடிவைப் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்து, காலையில் நான் கொடுத்த ஸ்லைடைத் திருப்பி வைத்தார்.

"பஸ்ஸுக்கு வெட்டினது," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். எனக்கு உயிர் வந்தது.

அன்று சாயந்திரமே கேள்வித்தாளில் ஒரு வரியை அடித்துவிட்டு, "கறி பிசையும்போது உப்பு பாப்பீங்களா?" என்று எழுதிக் கொடுத்தார். அதை வார்டில் கேட்க ஆரம்பித்த பிறகு ஆமாம் என்றவர்களின் வரிசையைப் பார்த்து நாங்களே அசந்துபோனோம். ஸ்லைடு மேல் கோப்தா என்று எழுதியதும் அவர்தான். அதைப் படிக்க இயந்திரத்துக்குத் தெரியவில்லை. கீர்த்தனாவுக்கே தெரியாதபோது அதைக் குறை சொல்ல முடியாது.

பெண் குழந்தை பிறந்தது. முழு எடை, நல்ல குரல். குழந்தைக்குத் தலை நின்றதும் நஸ்ரீனும் அன்வரும் எங்கள் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே ஓர் எவர்சில்வர் தூக்கு. திறந்ததும் கூடம் முழுவதும் கோப்தா வாசனை. ஃபார்மலின் வாசனையைத் தவிர வேறு எதுவும் நுழைய முடியாத இடம் அது. எல்லோருக்கும் தட்டில் வைத்தாள். பெரியவர் ஓர் உருண்டையை எடுத்து, பழக்க தோஷத்தில் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வாயில் போட்டார்.

மெதுவாக மென்றார். நாங்களும் மென்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மண்டபத்தில் பாதிப் பேர் பிரியாணியை விட்டுவிட்டுக் கேட்கும் கோப்தா அது என்று நம்புவதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

"உப்பே இல்லியேம்மா," என்றார் பெரியவர். நாகரிகம் என்பது அவர் கேள்விப்படாத விஷயம்.

நஸ்ரீன் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "பாக்கல சார்," என்றாள். "இப்பல்லாம் பாக்காமதான் போடறேன்."

பெரியவர் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். இன்னோர் உருண்டையை எடுத்துக்கொண்டார்.

"இப்டியே போடும்மா," என்றார்.

பெரியவர் இப்போது இல்லை. இந்த ரம்ஜானுக்கும் என் வீட்டுக்குத் தூக்கு வந்தது. கொண்டுவந்தவள் அந்தப் பெண்தான். ஆறாவது படிக்கிறாளாம், ரெட்டைச் சடை போட்டிருந்தாள். அவள் எதிரிலேயே ஓர் உருண்டையைச் சாப்பிட்டேன்.

"எப்டி இருக்கு ஆன்ட்டி? அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"உப்பு கம்மி," என்றேன். "ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லு."